சுட்ட தோட்டாக் கோதின் தோளில் நெளிவு: வெடிமருந்து கூடினதா, குறைஞ்சதா, எண்ணெயா?

உப்புவெளி லேத் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில, அல்பேட்டாவில இருக்கிற மச்சான் லைசன்சோட .308 வின்செஸ்ரர் தோட்டா போடுற, கையால போல்ட்டை இழுக்கிற போல்ட் அக்ஷன் றைபிள் வச்சிருக்கிறார். சுட்ட கோதுகளை (தோட்டாவின்ர பித்தளை உறையை) திருப்பி நிரப்பித்தான் பயிற்சிக்குப் போறவர். கொஞ்சக் கோதுகள் நெளிஞ்சு வருதாம், படம் அனுப்பியிருக்கிறார். எனக்குப் பித்தளை தெரியும், தோட்டா தெரியாது. அதால இங்க கேக்கிறன்.

விபரம் இதுதான். மொத்தம் 40 கோது, எல்லாம் 4 தரம் சுட்டது. அதில 11 கோதில நெளிவு. 9 கோதில தோளில (உடம்பு கழுத்தாச் சுருங்கிற சரிவில), இல்லாட்டி தோளுக்குக் கொஞ்சம் கீழ. மற்ற 2 கோதில வாய் ஒரு பக்கம் தட்டுப்பட்டு நீள்வட்டமாகிக் கிடக்கு. தோள் நெளிவில சிலது கரி பிடிச்சிருக்கு, சிலது பளபளப்பா இருக்கு.

உதைப்புக் குறையட்டும் எண்டு மருந்தைக் குறைச்சுப் போட்டவராம். மருந்து எச்4831, பெரிய றைபிளுக்கு வாங்கினதில மிச்சம். கையேட்டில உள்ள தொடக்க அளவுக்கும் கீழதான் போட்டிருக்கிறார். டையில (சுட்டு விரிஞ்ச கோதைப் பழைய அளவுக்குச் சுருக்கிற உருக்கு அச்சில) இறக்க முதல் கோது முழுக்க லனோலின் எண்ணெய் ஸ்பிறே அடிக்கிறவர், வீட்டிலேயே கலந்தது.

கேள்வி மூண்டு. இது சேம்பரின்ர (குழலின்ர அடியில தோட்டா இருக்கிற அறையின்ர) பிழையோ? சேம்பரைப் பொலிஷ் பண்ணச் சொல்லவோ? நெளிஞ்ச கோதைத் திரும்பப் பாவிக்கலாமோ?

சாம்பல்தீவு மறுமொழி:

மருந்து கூடிப் போச்சு. அமுக்கம் தாங்காமத்தான் கோது நெளியுது. இன்னும் குறைக்கச் சொல்லுங்கோ.

கோணமலைக் காற்று மறுமொழி:

சாம்பல்தீவு சொன்னது நேர் எதிர். அதைக் கேட்டு மச்சான் இன்னும் குறைச்சார் எண்டால் நிலைமை மோசமாகும், அதால முதல் இதைத் திருத்திப்போட்டு மற்றதுக்கு வாறன்.

அமுக்கம் கூடினால் கோது வெளிப்பக்கம்தான் தள்ளும். சுற்றிவர உருக்குச் சேம்பர் இருக்கு, பித்தளை அதில போய் ஒட்டும். கூடின அமுக்கத்தின்ர அடையாளம் அடியிலதான் தெரியும்: பிறைமர் (அடியில இருக்கிற, மருந்தைப் பற்றவைக்கிற மூடி) தட்டையாகிக் குழியின்ர விளிம்பு வரைக்கும் பரவும், கோதை வெளிய எறியிற எஜெக்டரின்ர துளை வட்டம் அடித்தட்டில பளபளவெண்டு பதியும், போல்ட்டைத் தூக்கக் கை நோகும். உள்நோக்கி நெளியிறதெண்டால் வெளியில இருந்து ஏதோ அமத்தியிருக்க வேணும். அது என்ன எண்டு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

வெடிக்கேக்க முதல் நடக்கிறது கழுத்து விரியிறது. .308 கோதின்ர கழுத்துச் சுவர் ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர்தான். அது சட்டெண்டு விரிஞ்சு சேம்பர் சுவரில ஒட்டினால் வாயு பின்னுக்கு வராது. அமுக்கம் குறைவா, மெதுவா ஏறினால் கழுத்து நேரத்துக்கு ஒட்டாது. வாயு கழுத்துக்கு வெளியால பின்னுக்கு வந்து, தோளுக்கும் சேம்பருக்கும் இடையில பூந்து சிக்கும். சன்னம் குழலை விட்டுப் போனதும் உள்ளுக்குள்ள அமுக்கம் விழும். வெளியில சிக்கின வாயு தோளை உள்ளுக்குத் தள்ளும். வெறும் தகரப் பரலுக்குள்ள சுடுதண்ணி ஊத்தி ஆவி நிரம்பினதும் மூடி இறுக்கிப்போட்டு ஆற விட்டால் பரல் எப்பிடி உள்ள இழுபடும்? அதே கணக்கு. உருளைக்கு உள்ளமுக்கம் பெரிய விசயமில்லை, வெளியமுக்கம்தான் அதை மடக்கும்.

இதுக்குச் சாட்சி கரி. ஒழுங்கா அடைச்ச கோதில கரி கழுத்தோட நிண்டிடும். தோளைத் தாண்டி உடம்பு வரை கரிக்கோடு இறங்கி, நெளிவின்ர குழிக்குள்ளயும் கரி இருந்தால் அது வாயு செய்த வேலை. வேற ஒண்டும் அங்க கரியைக் கொண்டு போகாது.

இன்னொரு சாட்சி பிறைமர். மச்சானிட்ட கேளுங்கோ, சுட்ட பிறகு பிறைமர் அடித்தட்டுக்கு மேல எழும்பி நிக்குதோ எண்டு. நிரப்பேக்க அது தட்டுக்குக் கீழ 0.05 இலிருந்து 0.13 மில்லிமீற்றர் வரை பதிஞ்சு இருக்கவேணும். வெடிக்கேக்க பிறைமர் பின்னுக்கு வந்து போல்ட்டில முட்டும், கோது முன்னுக்குத் தள்ளுப்படும். நல்ல அமுக்கமெண்டால் கோதின்ர அடி திரும்பப் பின்னுக்கு வந்து பிறைமரை உள்ள அமத்திப்போடும். அமுக்கம் காணாட்டி கோது முன்னுக்கே நிண்டிடும், பிறைமர் வெளியில நிக்கும். கரி நெளிவும் எழும்பின பிறைமரும் சேர்ந்து வந்தால் வேற விளக்கம் தேட வேண்டாம்.

எச்4831 மெதுவா எரியிற மருந்து, பெரிய கோதுகளுக்கெண்டே உள்ளது. .308 கோதுக்குள்ள அதைக் குறைச்சுப் போட்டால் உள்ள இடம் வெறுமையாக் கிடக்கும், மருந்து பிறைமர்ப் பக்கமோ சன்னப் பக்கமோ சரிஞ்சு கிடக்கும், பற்றுறது ஒருக்கா ஒரு மாதிரி, மறுக்கா வேற மாதிரி. சன்னம் குழலுக்குள்ள சிக்கிறது ஒரு ஆபத்து. தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு. மெதுவான மருந்தை மிகவும் குறைச்சுப் போட்டதால அமுக்கம் குறையாமல் திடீரெண்டு எகிறித் துப்பாக்கியே பிளந்ததும் உண்டு. "குறைச்சால் பத்திரம்" எண்டது இந்த வேலையில பொய்.

உதைப்புக் குறையவேணுமெண்டால் மருந்தை மாத்தவேணும். எச்4895 எண்ட மருந்துக்கு அதைச் செய்யிற கொம்பனியே உச்ச அளவின்ர 60 வீதம் மிஞ்சிற வரைக்கும் இறக்கலாமெண்டு சொல்லுது, அதுக்குக் கீழ இல்லை. அந்த உச்ச அளவை அதே சன்னத்துக்கு அவையின்ர அட்டவணையிலதான் பார்க்கவேணும். எச்4831க்கு அந்தச் சலுகை இல்லை. நிரப்பி வச்சிருக்கிற மிச்சத் தோட்டாக்களைச் சுடாமல் பிரிச்சு மருந்தைக் கொட்டச் சொல்லுங்கோ.

உப்புவெளி லேத் மறுமொழி:

நன்றி அண்ணை. இப்பதான் கேட்டன். கரி உள்ள 5 கோதிலயும் பிறைமர் எழும்பித்தான் நிக்குதாம், வேணியரால அளந்து 0.1 மில்லிமீற்றர் எண்டார். கரி இல்லாத 4 கோதில பிறைமர் சரியா இருக்காம். அப்ப அந்த நாலும் எதால? அதுவும் தோளிலதான்.

மடத்தடிச் சந்தி மறுமொழி:

தம்பி, நாலும் ஐந்தும் வேற வேற வருத்தம். ஒரே பெட்டியில போட்டுக் கலந்ததுதான் குழப்பம். "என்ன நெளிவு" எண்டு கேக்க முதல் "எப்ப வந்த நெளிவு" எண்டு கேக்கவேணும். சுட முதலா, சுட்ட உடனேயா, துப்பாக்கியை விட்டு வெளிய வரேக்கயா, டையில இறக்கினாப் பிறகா.

அதுக்கு வழி. நல்ல கோது 10 எடுத்து, கையேட்டு அளவில நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலயும் விரலால உருட்டிப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கோ. சேம்பருக்குள்ள வைக்க முதல் அடித்தட்டில மார்க்கர் பேனையால ஒரு கோடு, அந்தக் கோடு நேர மேல நிக்கிற மாதிரி வைக்கவேணும். மகசினால ஏத்த வேண்டாம், ஒவ்வொண்டாக் கையால. சுட்ட பிறகு போல்ட்டைப் படாரெண்டு இழுக்காமல் ஆறுதலா இழுத்து, எஜெக்டர் உதைக்க முதல் கோதைக் கையால பிடிச்சு எடுக்கவேணும்.

இப்பிடிக் கையால எடுத்த கோதில நெளிவு இல்லை, படாரெண்டு இழுத்ததில மட்டும் இருக்கெண்டால் அது வெளிய எறியப்படேக்க அடிபட்டது. அந்த வாய் நெளிஞ்ச இரண்டும் அப்பிடித்தான் இருக்கும். கோது திரும்பேக்க வாய் போய் போல்ட் ஓடுற அக்ஷன் சுவரிலயோ தொலைநோக்கியின்ர குமிழிலயோ முட்டும். அந்த அடையாளம் கூராயிருக்கும், கீறல் இருக்கும், சிலவேளை கறுப்புப் பெயின்ற் ஒட்டியிருக்கும், குழிக்குள்ள கரி இருக்காது. இதால பயமில்லை. சைஸ் டைக்குள்ள இருக்கிற எக்ஸ்பாண்டர் உருண்டை வாயை நேராக்கிப்போடும். டையின்ர வாயில மாட்டுற அளவுக்கு நெளிஞ்சிருந்தால் மட்டும் முதல் கூம்புக் கம்பி ஒண்டால விரிச்சுவிட்டு இறக்கோணும். வாய் மடிஞ்சு கோடு விழுந்திருந்தால் எறியிறது.

நெளிவு எப்பவும் ஒரே மணிக்கூட்டுத் திசையில, உதாரணமா எப்பவும் 3 மணிப் பக்கம் வந்தால், சேம்பருக்குள்ள ஏதோ ஒட்டிக்கிடக்கு: மணல், எண்ணெய், பிய்ஞ்ச பித்தளைச் சிராய். திசை மாறி மாறி வந்தால் வாயு, இல்லாட்டி டை எண்ணெய்.

அரைத் தானியங்கி றைபிள் ஆக்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. உடம்பின்ர நடுவில எப்பவும் ஒரே இடத்தில ஒரு தட்டு வந்தால் அது டிஃப்ளெக்டர் (எறிபடுற கோதைத் திருப்பிவிடுற முட்டு) பட்டது. ஜி3 எண்ட ஜெர்மன் இராணுவ றைபிள் வகைச் சேம்பரில நீளக் கரிக்கோடுகள் வரிவரியா வரும், சேம்பருக்குள்ளேயே வாய்க்கால் வெட்டித்தான் செய்தவங்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சேம்பர் பொலிஷ் பண்ணிற கதையை விட்டிடுங்கோ. லேத்துக்காரனுக்குக் கை துறுதுறுக்கும், விளங்குது. ஆனால் கோது சேம்பர்ச் சுவரில பிடிச்சு நிக்கவேணும். கண்ணாடி மாதிரி வழுக்கினால் கோதின்ர பின்னுதைப்பு முழுக்கப் போல்ட்டில விழும். சேம்பருக்குள்ள எண்ணெய், தண்ணி இருந்தாலும் இதே கேடுதான், அதோட நெளிவும் வரும். சுட முதல் உலர்ந்த துணியால சேம்பரைத் துடைச்சால் போதும்.

கோணமலைக் காற்று மறுமொழி:

கரி இல்லாத நாலும் டையில வந்ததாத்தான் இருக்கும். "கோது முழுக்க ஸ்பிறே" எண்டு எழுதினதே போதும்.

எண்ணெயை அமத்திச் சுருக்கேலாது. கோதை டைக்குள்ள தள்ளேக்க உடம்பில உள்ள எண்ணெய் வழிச்சுக்கொண்டு மேல ஏறித் தோளின்ர மூலையில சேரும். போக வழியில்லை. டை உருக்கு, அது விட்டுக்குடாது, அப்ப விட்டுக்குடுக்கிறது பித்தளைதான். அதால வாற குழி வழவழப்பா, உருண்டையா, கரண்டியால அமத்தின மாதிரி இருக்கும். கீறல் இல்லை, கரி இல்லை. கழுவித் துடைச்சால் பளபளக்கும். இது டையால வெளிய எடுத்த உடனேயே தெரியும், சுடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

செய்யவேண்டியது. தோளிலயும் கழுத்தின்ர வெளியிலயும் எண்ணெய் போடக்கூடாது. உடம்பில மட்டும், அதுவும் கீழ் முக்கால் பங்கில, விரலில வழுக்கல் தெரியிற அளவு. பார்த்தால் ஈரம் தெரிஞ்சால் அது கூடிப்போச்சு. மெழுகு வகை பாவிச்சால் விரல் நுனியில ஒருக்காத் தொட்டது மூண்டு நாலு கோதுக்குக் காணும். கழுத்தின்ர உள்பக்கத்துக்கு எண்ணெய் வேண்டாம், தூரிகையால கொஞ்சம் கிறஃபைற் தூள்.

வீட்டில கலக்கிற லனோலின் ஸ்பிறேயில பிழை விடுற இடம் ஒண்டு இருக்கு. 1 பங்கு லனோலினுக்கு 10, 12 பங்கு ஐசோபுறப்பைல் அற்ககோல், 99 வீதம் உள்ளது. 70 வீத அற்ககோலெண்டால் மிச்சம் தண்ணி, லனோலின் பிரிஞ்சு நிக்கும், ஒரு கோதில அளவுக்கு மிஞ்சிப் படும், மற்றதில ஒண்டும் படாது. சரியாக் கலந்தாலும் அடிச்ச உடனே டையில இறக்கக்கூடாது. அற்ககோல் பறந்து முடிய ஐந்து நிமிசமெண்டாலும் விடவேணும். ஈரத்தோட இறக்கினால் அந்தத் திரவமே குழி விழுத்தும்.

பிறகு டை. நிறைய டைகளில தோள் மட்டத்தில ஊசித்துளை ஒண்டு இருக்கும், காத்தும் எண்ணெயும் வெளிய போக. அது பழைய எண்ணெயும் கரியும் சேர்ந்து அடைச்சுப்போகும். டையைக் கழட்டி, பழைய பிறைமரைத் தள்ளுற டிகாப்பிங் கம்பியை எடுத்துப்போட்டு, மண்ணெண்ணெயில ஊற வச்சு, குச்சியில பஞ்சு சுத்தித் தோள் மூலை வரை துடைச்சு, துளைக்குள்ள மெல்லிய பித்தளைக் கம்பியை விட்டு எடுக்கவேணும். உருக்குக் கம்பி வேண்டாம், உள்ள கீறினால் ஒவ்வொரு கோதிலயும் அந்தக் கீறல் விழும். பயந்து எண்ணெயை அறவே விடவும் கூடாது. உலர்ந்த கோது டைக்குள்ள சிக்கினால் அடியின்ர விளிம்பு பிய்ஞ்சு வரும், கோது உள்ள நிக்கும், பிறகு அதைத் துளைச்சு மரை போட்டுத்தான் இழுக்கவேணும்.

திரும்பப் பாவிக்கலாமோ எண்ட கேள்விக்கு: வழவழப்பான எண்ணெய்க் குழி, ஆழம் அரை மில்லிமீற்றருக்கு உள்ள எண்டால் நிரப்பலாம். அடுத்த வெடியில அமுக்கமே அதை வெளிய தள்ளி நேராக்கிப்போடும். ஆனால் குழியால உள்ளிடம் குறைஞ்சிருக்கு எண்டதை மறக்காமல் தொடக்க அளவில நிரப்பவேணும், உச்ச அளவில இல்லை. நகத்தால தடவேக்கக் கூரான மடிப்புத் தட்டுப்பட்டால், குழி சின்னனெண்டாலும் எறியவேணும். நேராகினாலும் அந்த மடிப்பில வெடிப்புத் தொடங்கும். கரி நெளிவு உள்ள ஐந்தையும் நான் எறிவன். 4 தரம் சுட்ட கோது, பத்துக் கோதுக்கு மேல மிச்சம் இருக்கேக்க அதோட மினக்கெடத் தேவையில்லை.

பாலையூற்று மறுமொழி:

கரி பிடிச்ச கோதைக் கழுவ என்ன பாவிக்கிறார்? வீட்டில குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் புளி போட்டால் சரிதானே. இல்லாட்டி பிறாசோ?

மடத்தடிச் சந்தி மறுமொழி:

புளி பரவாயில்லை, பிறாசோ கூடவே கூடாது. பிறாசோவில அமோனியா இருக்கு. கோது 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம் சேர்ந்த பித்தளை, இழுத்து அமத்திச் செய்தது, உள்ளுக்குள்ள விசை தங்கியிருக்கும். அப்பிடிப்பட்ட பித்தளையில ஈரமும் அமோனியாவும் பட்டால் சும்மா வச்ச இடத்திலயே கழுத்து நீளத்துக்கு வெடிப்பு விழும். வெள்ளைக்காரன்ர காலத்தில இந்தியாவில மழை காலத்தில தோட்டாக் கோதுகளில இப்பிடித்தான் வெடிப்பு விழுந்தது, குதிரை லாயத்து அமோனியாவால. பருவத்தில வாற வெடிப்பு எண்டே அதுக்குப் பேர் வச்சவங்கள். காரணத்தை ஒழுங்கா எழுதி நிறுவினது 1921இல. எங்கட மாரிகாலத்தில, கடல் காத்தோட, எந்தப் பித்தளைச் சாமானிலயும் பிறாசோவைப் பூசி, அதைத் துடைச்செடுக்காமல் அப்பிடியே பெட்டிக்குள்ள போட்டு மூடினால் விளங்கும்.

புளி, தேசிக்காய் எல்லாம் அமிலம். பத்து நிமிசம் ஊற வச்சு, நல்ல தண்ணியில ரண்டு மூண்டு தரம் அலசி, வெயிலில உலர விட்டால் பிழையில்லை. ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் கோது ரோசா நிறமாகும். அது நாகம் கரைஞ்சு செம்பு மட்டும் மேல நிக்கிறது, அந்தக் கோது பலமில்லை. மச்சானுக்கு அங்க சிற்றிக் அமிலத் தூள் கிடைக்கும், ஒரு லீற்றர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அது புளியைவிட ஒரே சீராயிருக்கும்.

தம்பலகாமம் மறுமொழி:

வாசிக்கிற பெடியளுக்கு ஒண்டு. இங்க இலங்கையில வீட்டில தோட்டா நிரப்பிப் பார்க்கிற எண்ணமே வேண்டாம். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கு, பயிர்க் காவலுக்குத் துவக்கு லைசன்ஸ் இருக்கிறவருக்கும் அது பொருந்தும். காணி கொத்தேக்க பழைய ரவை வந்தால், கோது வெறுசு எண்டு நினைச்சுத் தட்டவும் வேண்டாம், லேத்தில பிடிக்கவும் வேண்டாம். பொலிசுக்குச் சொல்லுங்கோ.

உப்புவெளி லேத் மறுமொழி:

சொன்ன மாதிரி மார்க்கர் போட்டுப் பார்த்தாராம். ஐஎம்ஆர் 4064 எண்ட மருந்து, கையேட்டுத் தொடக்க அளவு, 10 கோது. கையால ஏத்தி, ஆறுதலா இழுத்து எடுத்தது. ஒண்டிலயும் வாய் நெளிவு இல்லை. பிறைமர் எழும்பேல்லை. ஆனால் 2 கோதில கரி இன்னும் தோள் வரை இறங்கியிருக்கு, நெளிவு இல்லை. டையில இறக்கினதில ஒண்டில மட்டும் சின்ன எண்ணெய்க் குழி. டையின்ர துளை அடைச்சுக் கிடந்ததாம். அந்த 2 கோதுக்கு மட்டும் ஏன் கரி?

கோணமலைக் காற்று மறுமொழி:

தொடக்க அளவில கொஞ்சம் கரி தோளைத் தொடும், அது வழமை. ஆனால் பத்தில ரண்டு மட்டும் எண்டால் அந்த ரண்டின்ர கழுத்து மற்றதைவிட இறுகியிருக்கு. ஒவ்வொரு தரமும் சுட்டு விரிச்சு, டையில சுருக்கி, உருண்டையால திரும்ப விரிக்கப் பித்தளை இறுகிக்கொண்டே போகும். இறுகின கழுத்து நேரத்துக்கு விரியாது, வாயு பின்னுக்கு வரும். 4 தரம் எண்டது கழுத்தைப் பதப்படுத்தவேண்டிய (காய்ச்சி இளக்கவேண்டிய) நேரம்தான்.

லேத்துக்காரருக்கு இது சுகமா விளங்கும், ஒண்டைத் தவிர. உருக்குப் பழக்கத்தில "காய்ச்சித் தண்ணியில போட்டால் இறுகும்" எண்டு நினைக்கக்கூடாது. பித்தளை தண்ணியில போட்டாலும் காத்தில ஆற விட்டாலும் ஒண்டுதான், காய்ச்சினால் இளகும். தண்ணி வெப்பம் கீழ இறங்காமல் மறிக்க மட்டும். கோதை ஆழமான சொக்கட் ஒண்டுக்குள்ள வச்சு, துறப்பணத்தால மெதுவாச் சுத்திக்கொண்டு, காஸ் சுவாலையின்ர நீல நுனியைக் கழுத்துக்கும் தோளுக்கும் சேருற இடத்தில பிடிக்கவேணும். சுவாலையைப் பொறுத்து ஐந்து, ஆறு, ஏழு செக்கன். வெப்பநிலை காட்டுற பூச்சு 400 பாகை செல்சியசுக்குக் கிட்ட உள்ளதைக் கழுத்தின்ர உள்பக்கம் தடவினால் ஊகிக்கத் தேவையில்லை, அது உருகின உடனே எடுக்கிறது. இருட்டான அறையில செம்மஞ்சள் ஒளி நல்லாத் தெரிஞ்சால் கூடிப் போச்சு, கழுத்து சவசவத்துச் சன்னத்தைப் பிடிக்காது.

அடிப்பக்கம் சூடேறக்கூடாது. அடி இளகினால் பிறைமர்க் குழி விரியும், அங்கதான் முழு அமுக்கமும் நிக்குது, .308க்கு உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். தட்டில தண்ணி விட்டுக் கோதுகளை நிறுத்தி வச்சுக் காய்ச்சிற பழைய முறையில ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் சூடேறும், சுத்திக்கொண்டு காய்ச்சிறதுதான் திறம்.

பதப்படுத்தினாப் பிறகு நீளத்தையும் வேணியரால பார்க்கச் சொல்லுங்கோ. உச்சம் 51.18 மில்லிமீற்றர், வெட்டுற அளவு 50.93. நீண்ட கோதின்ர வாய் சேம்பர் முனையில முட்டிச் சன்னத்தை நெரிக்கும். அது தோள் நெளிவு தராது, ஆனால் அமுக்கத்தைத் தாறுமாறா ஏத்தும். அளந்த கோதுகளில கரி உள்ள அந்த ரண்டையும் தனியாக் குறிச்சு வச்சு, அடுத்த பத்தோட சேர்த்துச் சுட்டுப் பார்க்கட்டும்.